வெற்றிலை போடாமலே சிவந்த வாய்

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கி நிற்கும் கொண்டை வளைவைத் தாண்டினால் ஒரு றப்பர் மலை வரும். அந்த மலையின் மேல் டிவிசனில் எந்த மனிதரும், எந்த மரமும், எந்த வாளியும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதல்ல. காரணம், அங்கே பழனிமுத்து கங்காணியாக இருக்கிறார்.

சந்தேகம் அவருடைய சுபாவம் என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் சொல்வார்கள். அது தவறு. சந்தேகம் அவருடைய உத்தியோகம். பால் வெட்டுகிறவர் கத்தியைக் கொஞ்சம் ஆழமாக இறக்கினால் மரத்தில் காயம் விழும். காயம்பட்ட இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பிறகு அந்தப் பக்கம் கத்தி ஓடாது. ஆகவே ஒவ்வொரு மரமாகக் குனிந்து, வெட்டுக்கோட்டில் விரலை ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. வாளியில் வரும் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பதும் அவர் வேலையே. விடியற்காலையில் மழை பெய்தால், இந்த மழைக்கும் வீட்டில் படுத்திருக்க ஆசைப்பட்டவர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று வானத்தை அண்ணாந்து பார்ப்பாரே, அதற்கு மட்டும் கம்பனி சம்பளம் கொடுப்பதில்லை.

வீட்டிலும் அவர் கடமை தவறியதில்லை. மனைவி இந்திராணி புதிதாக ஒரு குழம்பு வைத்தால் முதல் கவளத்தை அவளே சாப்பிட்டுக் காட்ட வேண்டும். கொய்யாப்பழம் என்றால் கடிக்க மாட்டார்; புழு இருக்கும் என்று நாலாக வெட்டி, விதைவரை விசாரித்த பிறகே தின்பார். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் அனுஷியா போனில், "அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்றால், "ஏன், யாரு என்னா சொன்னாங்க?" என்று திருப்பிக் கேட்பார்.

இப்படி உலகத்தையே விசாரணையில் வைத்திருந்த மனிதர் ஒன்றை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினார். அது அவருடைய சொந்த வாய்.

மீசை அரும்பும் வயதில் மலைக்கு வேலைக்குப் போன முதல் மழைக்காலத்திலேயே வெற்றிலை பழகிக்கொண்டார். அட்டைக்கு அதுதான் மருந்து என்றார்கள். சுண்ணாம்பும் புகையிலையும் கலந்த எச்சிலைக் காலில் துப்பினால் அட்டை சுருண்டு விழும் என்பது உண்மைதான். அட்டை காலில்தானே ஏறுகிறது, வெற்றிலை ஏன் பொழுது முழுவதும் கடைவாயில் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கேட்டவரின் நோக்கத்தை அவர் ஆராய்ந்திருப்பார். காலம் ஓட ஓட, வாய்க்குள் எது ஈறு, எது பல், எது பாக்குத்தூள் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே நிறமானது.

சில தகவல்கள் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருந்தன. "என்னாங்க, வாய் ஒரு மாதிரி வாடை அடிக்குது" என்றாள் இந்திராணி. இவள் ஏன் திடீரென்று தள்ளி உட்காரப் பார்க்கிறாள் என்று அவர் யோசித்தார். முகச்சவரம் செய்யும்போது கீழ்ப்பற்கள் முன்னைவிட நீளமாகத் தெரிந்தன. சந்தையில் வாங்கிய மலிவுக் கண்ணாடிமேல் சந்தேகம் விழுந்தது. ஈறு பல்லுக்குப் பல் உப்பி, தொட்டால் நோகிற நாளில், கடைக்காரர் சுண்ணாம்பில் எதையோ கலக்கிறார் என்று முடிவு கட்டினார். எல்லாரும் விசாரிக்கப்பட்டார்கள், வாயைத் தவிர.

இந்திராணி பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறாள். மலைக்குப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்க்கிற இடம் அது. அங்கே ஒருமுறை குழந்தைகளுக்குப் பல் பரிசோதிக்க வந்த நர்ஸ் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அவள் மெல்லிய நார் வைத்த பிரஷ் ஒன்று வாங்கிக் காலையிலும் இரவிலும் பொறுமையாகத் துலக்க ஆரம்பித்தாள். கணவருக்கும் ஒன்று வாங்கி வந்து நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"பல்லு தொலக்க."

"இத்தன வருசமா வெரலாலதானே தொலக்குறேன். இப்ப ஏன் திடீர்னு?"

"ஒண்ணு வாங்குனா ஒண்ணு சும்மா குடுத்தாங்க."

சும்மா கொடுத்தார்கள் என்ற சொல் போதுமானதாக இருந்தது. பிரஷ் உறை பிரிக்கப்படாமலே ஆணியில் தொங்கியது.

மேல் டிவிசன் மாரியம்மன் கோயில் திருவிழாவில் கரகம் எடுப்பவர் பழனிமுத்துதான். ஓடைக்கரையில் பூவும் வேப்பிலையும் சுற்றி, பூசை வைத்துப் பாலித்த அந்தக் குடம் தலையில் ஏறிய நிமிடத்திலிருந்து கோயில் வந்து சேரும்வரை அவர் கங்காணி அல்ல, சாமி. அவர் வரும் வழியில் லயத்துக்கு லயம் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். வருடம் முழுவதும் தன்னைத் திட்டுகிற பால்வெட்டுக்காரர்கள் அன்றைக்குத் தன் காலைத் தொட்டுக் கும்பிடுவதை அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்வார். பாதிக் கண்ணை மட்டும்.

அந்தக் கரகம் அவருக்கு எப்படி வந்தது என்பது முக்கியம். முன்பு அதை எடுத்தவன் கிருஷ்ணராஜ், டிவிசனில் த்ரீவீலர் ஓட்டுகிறவன். திருவிழாவுக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்த நாளில் அவன் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருப்பதை பழனிமுத்து கண்டுபிடித்தார். வாயைத் திறக்கச் சொன்னார். உள்ளே வெற்றிலை. காப்புக் கட்டியவன் மாமிசமும் சாராயமும்தான் தொடக்கூடாது, வெற்றிலைக்குத் தடை இருந்ததா என்று கமிட்டியில் யாருக்கும் சரியாக நினைவில்லை. பழனிமுத்துவுக்கு நினைவிருந்தது. அன்றோடு கரகம் கை மாறியது. காப்புக் கட்டினால் வெற்றிலை இல்லை என்பது சட்டமானது. சட்டத்தை உண்டாக்கியவரும் வருடத்துக்கு ஒருமுறை, அந்தத் திருவிழாக் காலத்தில் மட்டும், வெற்றிலையை விட்டார். அப்போதும் எச்சில் லேசாகச் சிவந்துதான் வரும். ஊறின சாயம் வெளுக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

இந்த வருடம் காப்புக் கட்டியபோது வழக்கப்படி அவருடைய மனைவியும் கட்டிக்கொண்டாள். போட்டிக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டு கிருஷ்ணராஜும் கட்டிக்கொண்டான். "ஒருவேள கங்காணிக்கு ஏதாவது ஆச்சுன்னா, ஆள் வேணுமே" என்று அவன் சொன்னது பழனிமுத்து காதுக்கு வந்தது. என்ன ஆகும் என்று எதிர்பார்க்கிறான் என்பதை அவர் குறித்து வைத்துக்கொண்டார்.

வெற்றிலை இல்லாத வாய் வெறிச்சென்றிருந்தது. வாடையும் இப்போது அவருக்கே தெரிந்தது. இத்தனை நாளும் பாக்கும் புகையிலையும் அதை மூடிவைத்திருந்தன. சாமி காரியத்துக்குப் போகிற வாய் என்று, ஆணியில் தொங்கிய பிரஷை முதல்முறையாகப் பிரித்துக்கொண்டு பீலிக்குப் போனார். மலையிலிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியே விழுகிற அந்த இடத்தில்தான் லயம் முழுவதும் முகம் கழுவும். நாலு தேய்ப்புத் தேய்த்துத் துப்பினார்.

வெள்ளை நுரைக்குள் சிவப்பு.

மறுபடி துப்பினார். மறுபடி சிவப்பு. சாயம் வெளுக்கிற பழைய சிவப்பல்ல, புதுச் சிவப்பு.

பழனிமுத்து உடனே சுற்றும் முற்றும் பார்த்தார். காலால் தண்ணீரைத் தள்ளி அதை அழித்துவிட்டு வீட்டுக்கு வந்து பற்பசைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத எந்தக் கடையில வாங்குன?"

"நம்ம அப்துல் ரஸாக் கடையிலதான். ஏன்?"

"அந்தாளு கடைக்குக் கிருஷ்ணராஜ் போவானா?"

"சந்தைக்குப் போற எல்லாரும்தான் போவாங்க. என்னா ஆச்சு ஒங்களுக்கு?"

அவர் குழாயை மூடிப் பழைய இடத்தில் வைத்தார். வாயில் ரத்தம் வருகிறது என்று சொன்னால் அது லயம் முழுவதும் போய், கடைசியில் கிருஷ்ணராஜ் காதில் விழும். விழுந்தால் அவன் சந்தோஷப்படுவான். அவன்தான் இதைச் செய்தான் என்றால், வேலை பலித்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். றம்புக்கன பக்கம் செய்வினை செய்கிற கட்டாடி ஒருவரிடம் அவன் போய் வந்ததாக யாரோ சொன்ன ஞாபகம் வேறு வந்தது. அவன் போனது த்ரீவீலருக்கு டயர் வாங்க என்பதும் ஞாபகம் வந்தது. டயர் என்பது ஒரு சாக்காக இருக்கலாம்.

பிறகு பிரஷ்தான் குற்றவாளி என்று தீர்மானித்து, துலக்குவதையே நிறுத்தினார். ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விட்டால் ஆறிவிடும் என்பது அவர் கணக்கு. ஆறவில்லை. தொடாத இடம் இன்னும் உப்பியது. வாடை ஏறியது. அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேச ஆரம்பித்தார். துப்ப வேண்டுமென்றால் பீலிக்குப் பின்னால், வாழை மறைவுக்குப் போனார்.

வாழை மறைவில் துப்புகிற கங்காணியை, வாழையிலை அறுக்க வந்த மல்லிகா பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி, பால் வெட்டுகிறவள், வெட்டில் காயம் விழுந்தது என்று போன மாதம்தான் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். அவர் போனதும் அவள் குனிந்து பார்த்தாள், அவர் மரத்தைக் குனிந்து பார்ப்பாரே அதே மாதிரி.

அடுத்த நாள் காலை பீலியில் விசாரணை அவர் இல்லாமலே நடந்தது.

"செகப்புன்னா செகப்பு, அப்பிடி ஒரு செகப்பு" என்றாள் மல்லிகா. "அவரே போட்ட சட்டம்!"

"அதான் வாயப் பொத்திக்கிட்டே பேசுறாரா?"

"பின்ன? கன்னம்கூட உப்பித்தான் இருக்கு. பாக்கலயா?"

"வெத்தில மட்டுமா? நேத்து காலையில பேர் குடுக்கிறப்ப பெரட்டுக்களத்துல பக்கத்துல நின்னேன். கருவாட்டு வாடை."

"விரதத்துல கருவாடா! மாரியாத்தா!"

நோயின் அறிகுறிகள் எல்லாம் இப்படிக் குற்றத்தின் தடயங்களாயின. சிவப்பு வெற்றிலையாயிற்று. வீக்கம், வெற்றிலையை ஒதுக்கிவைத்த அடைப்பாயிற்று. வாடை கருவாடாயிற்று. அவர் அந்த டிவிசனுக்கு இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்த கலை வீண்போகவில்லை என்பதில் சந்தேகமே இல்லை.

கோயில் கமிட்டித் தலைவர் செல்லையா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். வெள்ளை வேட்டியும், எந்தக் கூட்டத்தையும் ஒரு முடிவுக்கு வராமல் நடத்தும் திறமையும் உள்ளவர். கிருஷ்ணராஜ் கோயில் படியில் உட்கார்ந்து, சம்பந்தமில்லாதவன்போல் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி பழனி, தப்பா நெனைக்காத. வாயக் கொஞ்சம் தொற."

பழனிமுத்து வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் சொன்ன வசனம். தன்னிடம் யாராவது சொல்வார்கள் என்று அவர் நினைத்ததில்லை. திறந்தார். செல்லையா எட்டிப் பார்த்துவிட்டு, தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"செகப்பாத்தான் இருக்கு."

"அது ரத்தம்ண்ணே. வெத்தில இல்ல."

"யாரு ரத்தம்?" என்றான் கிருஷ்ணராஜ் படியிலிருந்து.

"என் ரத்தம்டா!"

"அடி பட்டுச்சா மாமா? விழுந்தீங்களா? யாராவது அடிச்சாங்களா? சும்மா இருக்கிற வாயில எப்பிடி மாமா ரத்தம் வரும்?"

இதற்குப் பழனிமுத்துவிடம் பதில் இருந்தது. நீதான் செய்வினை வைத்தாய் என்பது அந்தப் பதில். ஆனால் ஆதாரம் இல்லாமல் பேசுகிறவர் அல்ல அவர். ஆதாரம் இல்லாமல் சந்தேகிப்பவர் மட்டுமே.

"வெள்ளிக்கெழம கரகம்" என்றார் செல்லையா. "வியாழக்கெழம சாயந்தரம் கூடுவோம். அதுக்குள்ள இது வெத்தில இல்லன்னு நீ காட்டணும். இல்லாட்டி கரகம் கிருஷ்ணராஜுக்கு. இது நீ போட்ட சட்டந்தானே."

வீட்டுக்கு வந்ததும் இந்திராணியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் விளக்கைப் பிடித்து அவர் வாயைப் பார்த்தாள். "பல்லு கிளினிக்குக் கெளம்புங்க. புள்ளைங்களுக்கு நர்சு சொன்னது இதேதான். பல்லு தொலக்குறப்ப ரத்தம் வந்தா வந்து காட்டச் சொன்னாங்க."

"இத நீ ஏன் என்கிட்ட முந்தியே சொல்லல?"

"சொன்னேன். எவன் சொல்லிக் குடுத்தான்னு கேட்டீங்க."

பஸ் போய்விட்டிருந்தது. டிவிசனில் இருப்பது ஒரே த்ரீவீலர். எதிரியின் வண்டியில், எதிரிக்கே கூலி கொடுத்து, எதிரி வைத்த வினையைக் காட்டப் போகிற நிலை பழனிமுத்துவுக்கு வந்தது. வழி முழுவதும் கிருஷ்ணராஜ் முன்கண்ணாடியில் அவரைப் பார்த்தான். அவர் அவன் பார்ப்பதைப் பார்த்தார்.

"என்னா மாமா, வெத்தில வாங்கவா டவுனுக்கு?"

"ரோட்டப் பாத்து ஓட்டுடா."

"ரோடு இங்கயேதான் இருக்கு. ஓடிப் போகாது. வாயத் தொறந்து பேசுங்களேன், காத்தாவது போகட்டும்."

கிளினிக்கில் வாசலில் நின்ற சிங்கள நர்ஸ் அவர் வாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "புலத் கனவாத?" என்றாள். வெற்றிலை போடுவீர்களா என்று உலகமே கேட்கத் தொடங்கிவிட்டது. "நே நோனா, தென் கன்னே நே" என்று, இப்போது போடுவதில்லை என்பதை அவர் சத்தியம் செய்கிற குரலில் சொன்னார். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

உள்ளே இருந்த பல் டொக்டர் ஸுமைரா மாவனல்லைக்காரி; சிறிய உருவம், முகக்கவசம், அவசரமில்லாத கை. அவரைச் சாய்ந்த நாற்காலியில் படுக்கவைத்து, மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக நடத்திக்கொண்டு போனார். சிவப்பு வந்தது.

பழனிமுத்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். "கம்பியால குத்தினா ரத்தம் வராதா டொக்டர்? யாருக்கும் வருமே!"

"வராது ஐயா. நல்ல ஈறா இருந்தா இப்பிடி மெதுவாத் தொட்டா ஒரு சொட்டும் வராது. எறைச்சி வெட்டின நெறத்துல இல்லாம, வெளிறின ரோஸா, இறுக்கமா பல்லைப் புடிச்சிக்கிட்டு இருக்கும். ஒங்களுக்கு உப்பி, லூசாகி இரிக்கி. எத்தின நாளா?"

"காப்பு கட்டின நாள்ல இருந்து."

"இல்ல. வருசக்கணக்கா இரிக்கி. நீங்க வெத்தில போட்டதால ரத்தம் எது, வெத்தில எதுன்னு தெரியல்ல. செகப்புல செகப்பு வந்தா யாருக்கு விளங்கும்? வாயில வாடை வாறதா?"

"வீட்டுல சொல்லுவாங்க."

"பல்லு முந்தியவிட நீளமாத் தெரியுதா?"

"கண்ணாடி சரியில்ல."

"கண்ணாடி சரியாத்தான் இரிக்கும். பல்லு வளரல்ல, ஈறு கீழ எறங்குது. கொய்யாப்பழம், ஆப்பிள் எதையாவது கடிச்சா பழத்துல ரத்தம் ஒட்டுதா?"

"கடிக்க மாட்டேன் டொக்டர். புழு இருக்கும்னு வெட்டித்தான் திம்பேன்."

டொக்டர் ஸுமைரா கம்பியைக் கீழே வைத்தார். முகக்கவசத்துக்குப் பின்னால் அவர் சிரித்தாரா என்பதைப் பழனிமுத்துவால் உறுதிப்படுத்த முடியவில்லை.

பழனிமுத்து குரலைத் தாழ்த்தினார். "டொக்டர், ஒண்ணு கேக்கணும். இது யாராவது செஞ்சி வச்சதா இருக்குமா?"

"ஆமா."

"யாரு?"

"நீங்கதான். வெத்தில, சுண்ணாம்பு, சாப்பாட்டு அழுக்கு எல்லாம் பல்லு அடியில கல்லு மாதிரி காரையாப் படிஞ்சிருக்கி. அந்தக் காரை ஈறைப் புண்ணாக்குது. ரத்தம் வந்ததும் தொலக்கிறத நிப்பாட்டினீங்களா?"

"ஆமா. காயத்தத் தொடக்கூடாதே."

"அதுதான் பிழை. நிப்பாட்டினா அழுக்கு கூடும், ரத்தமும் கூடும். நல்ல காலம், பல்லு ஒண்டும் இன்னம் ஆடல்ல. இப்பவே வந்ததால இதோட நிப்பாட்டலாம். மெல்லிய பிரஷ் வாங்கி..."

"இருக்கு" என்றார் பழனிமுத்து சோகமாக. "ஒண்ணு வாங்குனா ஒண்ணு சும்மா குடுத்தது."

அன்றைக்கு ஒரு பக்கத்துக் காரையைச் சுரண்டி எடுத்தார் டொக்டர். மறுபக்கத்துக்கு அடுத்த கிழமை வரச் சொன்னார். காலையும் இரவும் ஈறோரமாக மெதுவாகத் துலக்கினால் கொஞ்ச நாளில் ரத்தம் நிற்கும், வெற்றிலையைத் திருவிழாவுக்கு மட்டுமல்ல, ஒரேயடியாக விட வேண்டும், அது ஈறோடு நிற்காது, வாய்ப்புற்று வரைக்கும் கொண்டுபோகும் என்றார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, சுரண்டிய பக்கம் முன்னைவிடச் சிவப்பாக இருந்தது.

"அய்யய்யோ!" என்றான் கிருஷ்ணராஜ். "டவுன் வெத்தில நல்லா செவக்குது போல."

டொக்டரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கியிருக்கலாம். ஆனால் துண்டை எவனும் எழுதுவான் என்று பெரட்டுக்களத்தில் எல்லாருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். வீடு போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தார். டொக்டர் சொன்ன ஒரு சொல் மட்டும் வாயில் அகப்பட்ட பாக்குத்தூள்போல் நெருடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை சாயந்தரம் கோயில் முன்னால் டிவிசனே கூடியிருந்தது. பழனிமுத்து ஒரு சாக்கோடு வந்தார். சாக்கை அவிழ்த்துக் கொட்டினார். லயத்துக்குப் பின்னால் பறித்த அரைப்பழக் கொய்யாக்கள் உருண்டன.

"பூசைக்கா?" என்றார் செல்லையா.

"விசாரணைக்கு."

அவர் ஒரு கொய்யாவை எடுத்து, வெட்டாமல், உள்ளே பார்க்காமல், பலரறியக் கடித்தார். அது அவருடைய வாழ்வின் மிகத் துணிச்சலான செயல் என்பதை அங்கே இந்திராணி ஒருத்தியே புரிந்துகொண்டாள். கடித்த பழத்தைத் தூக்கிக் காட்டினார். வெள்ளைச் சதையில் சிவப்பு ஒட்டியிருந்தது.

"பாத்தீங்களா! வெத்தில!" என்றான் கிருஷ்ணராஜ்.

"சரி. வெத்திலன்னே வச்சிக்க. செல்லையா அண்ணே, நீங்க காப்புக் கட்டியிருக்கீங்களா?"

"கட்டியிருக்கேன்."

"வெத்தில போட்டீங்களா?"

"ஆத்தா மேல சத்தியமா இல்ல."

"அப்ப இதக் கடிங்க."

செல்லையா கடித்தார். பழத்தைப் பார்த்தார். வேறு யாரோ கடித்த பழம் தன் கைக்கு வந்துவிட்டதுபோல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டம் எட்டிப் பார்த்தது. சிவப்பு.

"தலைவரேவா!" என்றது ஒரு குரல்.

"நான் போடல! சத்தியமாப் போடல!"

"அடுத்து கிருஷ்ணராஜ்" என்றார் பழனிமுத்து.

"எனக்குப் பழம் புடிக்காது."

"ஏன் மச்சான், புழு இருக்குமா?" என்றாள் மல்லிகா. கூட்டம் சிரித்தது. சிரிப்புக்குப் பயந்து அவன் கடித்தான். அவனுடையதும் சிவப்பு, செல்லையாவுடையதைவிடக் கொஞ்சம் தாராளம். அதன் பிறகு கொய்யா கை கையாகப் போனது. காப்புக் கட்டியவர்கள் கடித்தார்கள். பாதிப் பேருடைய பழத்தில் ஏதோ ஒரு கோடு. கடித்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பழத்தை மறைத்துக்கொண்டு அடுத்தவர் பழத்தை எட்டிப் பார்த்தார்கள்.

பழனிமுத்து டொக்டர் சொன்னதைச் சொன்னார். காரை, வீக்கம், வாடை, செகப்புக்குள் ஒளிந்திருந்த செகப்பு. சொல்லிவிட்டு, ஒன்று எல்லாரும் விரதத்தை உடைத்திருக்கிறோம், அல்லது யாரும் உடைக்கவில்லை, கமிட்டி தீர்மானிக்கட்டும் என்றார். கமிட்டியின் வரலாற்றில் அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு ஒற்றுமையாக ஒரு தீர்மானம் அதற்கு முன் நிறைவேறியதில்லை. யாரும் உடைக்கவில்லை.

பழனிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். அப்போதுதான் இதுவரை பேசாமல் திருநீற்றுத் தட்டோடு நின்ற பூசாரி தொண்டையைச் செருமினார்.

"வெத்தில இல்லங்கிறது சரி. ஆனா ரத்தம் ரத்தந்தானே? ஒடம்புல ரத்தம் வடியிறப்ப கரகம் தொடக்கூடாது. அது என் அப்பா காலத்துச் சட்டம்."

பழனிமுத்து கிருஷ்ணராஜைப் பார்த்தார். கிருஷ்ணராஜ் செல்லையாவைப் பார்த்தான். செல்லையா தன் கொய்யாவைப் பார்த்தார்.

"காப்புக் கட்டுன ஆள்ல வாய் சுத்தமா இருக்கிறது யாரு?" என்று கேட்டார் பூசாரி.

கடித்தவர்கள் பழத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். பின்வரிசையில் மட்டும் நறுக்நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இந்திராணி தன் கொய்யாவைத் தின்றுகொண்டிருந்தாள். விசாரணைக்கு என்று எடுத்ததுதான்; நேரம் போகப் போகப் பசித்துவிட்டது. மிச்சமிருந்த பாதி, வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பொம்பளயா?" என்றார் செல்லையா.

"பொம்பள எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?" என்றாள் மல்லிகா.

பூசாரி யோசித்தார். கமிட்டி யோசித்தது. வெற்றிலைக்குச் சட்டம் இருந்தது, ரத்தத்துக்குச் சட்டம் இருந்தது. பெண் எடுப்பாள் என்று யாரும் சந்தேகப்படாததால் அதற்கு மட்டும் சட்டம் இல்லாமல் போயிருந்தது.

"எனக்கு எதுக்கு?" என்றாள் இந்திராணி, வாயைத் துடைத்துக்கொண்டு. "அவரு ஆசப்பட்டது."

எல்லாரும் பழனிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், பேச்சு அத்தோடு முடிந்து, குடம் யார் தலையிலும் ஏறாமல் வண்டியில் வரும். கிருஷ்ணராஜுக்கும் கிடைக்காது, அவ்வளவில் அவருக்கு நிம்மதிதான். பீலியும், வாழை மறைவும், ஆணியில் தொங்கிய பிரஷும் நினைவுக்கு வந்தனவோ என்னவோ, அவர் தோளில் போட்ட துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"இவகிட்ட சந்தேகப்பட ஒண்ணும் இல்ல. நான் நல்லாத் தேடிப் பாத்துட்டேன்."

வெள்ளிக்கிழமை கரகம் இந்திராணி தலையில் ஏறியது. லயத்துக்கு லயம் தண்ணீர் ஊற்றினார்கள். பிள்ளை மடுவத்துக் குழந்தைகள் "ஆயாம்மா சாமி! ஆயாம்மா சாமி!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடின. பழனிமுத்து வேப்பிலையும் செம்பும் ஏந்திப் பக்கத்தில் நடந்தார். அவர் முகத்தில் பெருமை தெரிந்தது என்று சிலர் சொல்கிறார்கள். திருவிழாத் தேதி குறித்தது முதலிலா, இவள் பிரஷ் வாங்கியது முதலிலா என்று அவர் கணக்குப் பார்த்துக்கொண்டே நடந்தார் என்று மல்லிகா சொல்கிறாள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

அடுத்த கிழமை அவர் கிளினிக்குக்குப் போனபோது தனியாகப் போகவில்லை. கிருஷ்ணராஜின் த்ரீவீலரில் பின்னால் செல்லையா உட்பட கமிட்டி நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. எல்லாரும் டவுனில் சின்ன வேலை இருப்பதாகச் சொன்னார்கள். எல்லாருடைய வேலையும் ஒரே வாசலில் இருந்தது. கிருஷ்ணராஜும் வண்டியைப் பூட்டிவிட்டு வரிசையில் நின்றான்.

இப்போது காலையில் பீலியில் பிரஷ்கள் நிறையத் தெரிகின்றன. ஒருவர் துப்பினால் பக்கத்தில் இருப்பவர் குனிந்து பார்க்கிறார். பழனிமுத்து றப்பர் மரத்தைப் பார்த்துவிட்டு, வெட்டுகிறவரையும் வாயைத் திறக்கச் சொல்வதாகப் புகார் உண்டு. அவருடைய வெற்றிலைப் பை மட்டும் வீட்டு ஆணியில் பழையபடி தொங்குகிறது. அது காலியா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சோதிக்க வேண்டிய அவசியம் இல்லை என்கிறார் அவர்.

ஒரு நாள் காலை துலக்கிவிட்டுத் துப்பினார். வெள்ளை. மறுபடி துப்பினார். வெறும் வெள்ளை நுரை, தண்ணீரோடு ஓடிப்போனது. வாளி நிரம்பக் காத்து நின்ற இந்திராணி, "அப்பாடா, நின்னுருச்சா?" என்றாள்.

பழனிமுத்து பிரஷைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பற்பசைக் குழாயைப் பார்த்தார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இத்தன நாளா வந்த ரத்தம் இப்ப ஏன் வரல?"